மீனை நான் கைவிடவில்லை

நவம்பர் கடைசியில் தூண்டில் கம்பின் வளையங்களில் பனி அடைத்துக்கொள்ளும். சிலர் அதை நகத்தால் சுரண்டுவார்கள். அது தப்பு, தூண்டில் நரம்பு பழுதாகிவிடும். கம்பை அப்படியே ஆற்றுக்குள் விட்டு எடுத்தால் போதும், கரைந்துவிடும். அந்த மாதத்தில் எங்கள் பக்கத்தில் காற்றைவிடத் தண்ணீர்தான் சூடு.

உங்களுக்கும் இது தெரிந்திருக்கும், தம்பி. உங்கள் அப்பாவும் ஃபிளாம்போ ஆற்றில் மஸ்கி மீன் பிடித்தவர்தான். ஷெரிஃப் ஆபீஸ் வேலையில் உங்களுக்குத்தான் அதற்கெல்லாம் நேரம் இருக்காது. வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு சின்னத் திருத்தம் சொல்லத்தான் வந்தேன்.

பத்திரிகையில் வந்ததைப் படித்திருப்பீர்கள். டெல்மர் ஸொபோட்டா படகிலிருந்து விழுந்ததும், லைல் ஹாகனாகிய நான் மீனை உதறிவிட்டு அவனுக்குக் கை நீட்டினேன் என்று போட்டிருந்தார்கள். அடக்கத்தன்று பாதிரியாரும் அதையே சொன்னார். டெல்மரின் மனைவி ஆர்லிஸ் என் கூடப் பிறந்த தங்கை. சர்ச் சாப்பாட்டின்போது ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னாள்: “எங்க அண்ணன் ஆயுசுலயே பிடிச்ச பெரிய மீனு அது. அதைத் தூக்கிக் கடாசிட்டு இவரைப் பிடிக்கப் பாத்திருக்கு. பாவம், முடியல.”

நான் அப்படிச் சொன்னதே இல்லை. “என்னால காப்பாத்த முடியல” என்று மட்டும்தான் சொன்னேன். மீதியை அவளே சேர்த்துக்கொண்டாள். வலைக்குள் கிடக்கிற மீனை உதறிவிடுகிற ஆள் நான் இல்லை. கொக்கியும் வலையுமாகச் சுற்றிக்கொண்டு அது அடியில் போய்ச் சாகும். மஸ்கி பிடிக்கிற எவனும் அந்தப் பத்திரிகையைப் படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைப்பான்?

டெல்மர் கெட்டவன் இல்லை. என் வீட்டுக் கூரை ஒழுகியபோது ஏறிச் சரிபண்ணிக் கொடுத்தவன் அவன்தான். வாய் மட்டும் சும்மா இருக்காது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது அவனுக்குத் தீராத வேடிக்கை. பிடித்த மீனை நான் தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றுவேன். வாலடியைப் பிடித்துக்கொண்டு, அது மூச்சு வாங்கித் தெளிகிறவரை காத்திருப்பேன். அவன் பிராந்தியைக் குடித்துக்கொண்டே, “என்ன மச்சான், ஞானஸ்நானம் பண்ணி வைக்கிறியா? பேரு என்ன வச்சிருக்க?” என்பான். இல்லாவிட்டால், “பேசாம இதையே கட்டியிருக்கலாம்ல, சமைக்கச் சொல்லித் தொந்தரவு பண்ணாது” என்பான். நானும் சிரிப்பேன். வருஷக்கணக்காக ஒரே படகில் போகிறவர்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

பழைய பாலத்துக்குக் கீழே, முங்கிக் கிடக்கும் மரத்தடியில் ஒரு மஸ்கி இருந்தது. கன்னத்தில் பிறை மாதிரி ஒரு தழும்பு. அதை நான் மூன்று தடவை பிடித்து மூன்று தடவையும் விட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. என் ஆயுளில் நான் பிடித்த எதுவும் ஐம்பது அங்குலத்தைத் தொட்டதில்லை. அது தொட்டுவிடும் என்று நினைத்திருந்தேன். அந்த இடத்தை ஆர்லிஸிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்தால் எனக்கு எதுவும் மறைக்க வராது.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெல்மர் என் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தான். வண்டியின் பின்பலகையில் பனி படிந்து அந்தத் தழும்பு மீன் கிடந்தது. தலையில் கட்டையால் அடித்திருந்தான். “உன் காதலியைப் பாத்தியா? ஒரே வீச்சுல வந்துட்டா” என்றான். பாடம் பண்ணி மாட்டப்போவதாகச் சொன்னான். நான் தழும்பைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல மீன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

மறு வருஷம் ஈஸ்டர் விருந்தில் ஆர்லிஸிடம் அதைப் பற்றிக் கேட்டேன். “அதுவா? ஃப்ரீஸர்ல அடியில கெடந்து காஞ்சு போச்சுண்ணே. குப்பையில போட்டுட்டேன்” என்றாள். பரவாயில்லை என்றேன். இன்னொரு துண்டு ஆப்பிள் பை வாங்கிச் சாப்பிட்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கோபம் இருந்திருந்தால் அதற்குப் பிறகும் அவனோடு படகில் போயிருப்பேனா?

அன்றைக்கு மான் வேட்டைக் காலம். ஊர் முழுக்கக் காட்டுக்குள் இருந்தது. ஆற்றில் எங்கள் படகு ஒன்றுதான். எப்போதாவது தூரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். கரையோரம் பனிக்கட்டி பிடித்திருந்தது. முழங்கை நீளமுள்ள சக்கர் மீனை இரையாகக் கட்டி நீரோட்டத்தோடு மிதக்க விட்டிருந்தோம். டெல்மர் மிதவை அங்கி போடவில்லை. ஆரஞ்சு வேட்டைக் கோட்டுக்கு மேலே போட்டால் வயிற்றைப் பிடிக்கிறது என்று காலடியில் போட்டு வைத்திருந்தான். போட்டுக்கொள் என்று நான் சொல்லத்தான் செய்தேன்.

மத்தியானம் என் தூண்டில் நரம்பு நகர்ந்தது. மஸ்கி இரையைக் கவ்வினால் அவசரப்படாது. யோசித்துக்கொண்டே போகும். இழுத்து நிறுத்தியபோது கம்பு அடி வரை வளைந்தது. படகருகே வந்து அது பக்கவாட்டில் திரும்பியதும் டெல்மர் எழுந்து நின்றுவிட்டான். பிறகு, “மச்சான், பெருசுடா. நிஜமாவே பெருசு” என்றான். அவன் குரலில் கிண்டல் இல்லை. வலையை எடுத்துக்கொண்டு எட்டினான். மீன் வலைக்குள் போனது. அதே ஆட்டத்தில் அவன் வெளியே போனான்.

அவன் விழுந்ததில் என் பங்கு எதுவும் இல்லை. அவன் கைவிட்ட வலைக்காம்பை நான் பிடித்துக்கொண்டேன். அவன் ஒரு முறை முங்கி எழுந்து, படகைச் சுற்றிப் பின்பக்கம் வந்து விளிம்பைப் பிடித்தான். முதலில் சிரிக்கத்தான் சிரித்தான்.

“கையைக் குடு மச்சான். உயிர் போற குளிரு.”

“கொஞ்சம் இரு” என்றேன். “கொக்கி செவுள்கிட்ட மாட்டியிருக்கு.”

“என்னது?”

“வலையை விட்டா இது செத்துரும், டெல்மர்.”

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக் கெட்ட வார்த்தையில் திட்டினான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மாதிரி நேரத்தில் கவனம் சிதறக் கூடாது. நீண்ட மூக்குக் குறடால் ஒரு கொக்கியை எடுத்தேன். இன்னொன்று வரவில்லை, வெட்டினேன். அவன் திட்டுவது நின்றது. “லைல்” என்றான். அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதே கிடையாது. “லைல், கோட்டு கீழ இழுக்குது. கால் உணர்வே இல்ல.” ஏறிவிட இரண்டு தடவை எம்பிப் பார்த்தான். படகு ஆடியது. ஆட்டாதே என்று சொன்னேன்.

அளவுப் பலகையைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து அளந்தேன். ஐம்பத்து மூன்று அங்குலம். அதைச் சத்தமாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். சொல்ல அங்கே வேறு யார் இருந்தார்கள்?

வாலடியைப் பிடித்து, தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அதன் செவுள் மெதுவாகத் திறந்து மூடியது. அதன் உடம்பில் பலம் திரும்புவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. பிறகு ஒரே உதறு. கறுத்த தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டது. ஒரு காயம் இல்லை. பத்திரிகையில் இதைத்தான் திருத்தச் சொல்கிறேன்.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்காவிட்டாலும் ஆர்லிஸ் ஒரு நாள் கேட்பாள்.

நான் படகின் பின்பக்கம் போனபோது டெல்மர் இருந்தான். தாடை வரை தண்ணீர். மீசை உறைந்திருந்தது. விரல்கள் விளிம்பை விடவில்லை. என் கைகள் இரண்டும் அப்போது காலியாகத்தான் இருந்தன. நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். அவன் முகம் இதோ, உங்கள் முகம் இருக்கிற தூரத்தில்.

“அன்னைக்கு அந்த மீனை ஏன் கொன்ன?” என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். அதை நான் மறுக்க மாட்டேன், உண்மையாகவே யோசித்தான். பல் தந்தியடித்தது.

“எந்த மீனு?”

மழுப்புவதற்காகச் சொல்லவில்லை. அவனுக்கு ஞாபகமே இல்லை.

அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். விறைத்துப் போயிருந்ததால் அதிகம் சிரமப்படவில்லை. வலிக்காதபடிதான் எடுத்தேன். கடைசி விரலை எடுக்கும்போது, “ஆர்லிஸ்” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான். நீரோட்டம் அங்கே வேகம். கோட்டின் ஆரஞ்சு நிறம் சிறிது நேரம் தெரிந்தது. மோட்டாரைப் போட்டு எதிர்க்கரைக்கு வந்து உங்கள் ஆபீசுக்குத்தான் முதலில் போன் பண்ணினேன்.

நான் கொலைகாரன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வன்மம் வைத்திருந்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ‘ஆமாம், அந்தத் தழும்பு மீன்’ என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தூக்கிவிட்டிருப்பேன், தம்பி. நிச்சயமாகத் தூக்கிவிட்டிருப்பேன்.