மறுதரப்பு

என் மனைவிக்கும் அவள் அண்ணனுக்கும் சண்டை வந்தால்கூட, இருவர் சொல்வதையும் கேட்டுவிட்டுத்தான் நான் வாய் திறப்பேன், பாஷா. விசாரணை அதிகாரியான நீங்கள் அதையும் எழுதிக்கொள்ளலாம். வீட்டில் அதற்காகவே திட்டு வாங்குகிறவன். அலெக்சாந்திரியாவில் எங்கள் பத்திரிகைக்கு இருக்கும் மரியாதை அப்படிச் சம்பாதித்ததுதான். நான் செய்தி ஆசிரியரான பிறகு, குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்காமல் ஒரு வரிகூட அச்சேறியதில்லை.

இக்லாஸ் ஒரு மத்தியானம் வந்தாள். கட்டட முதலாளி ஹாஜி ஷவ்கியிடம் வேலை பார்ப்பவள். ஆறு மாடிக்கு அனுமதி வாங்கிவிட்டுப் பதினொன்று எழுப்பியிருக்கிறார், தூண்கள் விரிசல் விட்டுவிட்டன, குடியிருப்பவர்களிடம் மூச்சு விடவில்லை என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

"உஸ்தாத், எம் பேரு மட்டும் வெளிய வந்துடக் கூடாது. அவரு ஆளுங்க என்னை உயிரோட விடமாட்டாங்க."

"பேப்பர்ல உன் பேரு வராதும்மா," என்றேன். வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன்.

அவள் படியிறங்கியதும் ஹாஜிக்குப் போன் செய்தேன். ஆமாம், செய்தது நான்தான். மறுதரப்பைக் கேட்பது எங்கள் தொழில் தர்மம். இந்தக் காலத்துப் பையன்களுக்கு அது புரியாது. அழுகிறவள் சொல்வதெல்லாம் அவர்களுக்கு உண்மை.

"யாருய்யா இப்படிப் புளுகுறது? மூஞ்சி தெரியாத ஆளுக்கு நான் என்னன்னு பதில் சொல்ல? நீங்களே நியாயம் சொல்லுங்க உஸ்தாத். நீங்க ஒரு பக்கம் சாயாத மனுஷன்னு ஊரே சொல்லுது."

கேட்டதில் தப்பில்லை. தன்மேல் பழி போடுவது யார் என்று தெரிந்துகொள்ள எவருக்கும் உரிமை உண்டு. பெயரைச் சொன்னேன். இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். நேரில் பேசித் தெளிவுபடுத்தத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே டிராம் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் முக்காடு என்றேன். செய்தியில் துல்லியம் முக்கியம். கார் வந்தபோது நான் வேறொரு செய்திக்குத் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மஹ்மூதிய்யா கால்வாயில் கிடந்தாள். வழுக்கி விழுந்தாள் என்றது போலீஸ், கொன்றுவிட்டார்கள் என்றது குடும்பம். இரண்டுக்கும் சமமாக இடம் ஒதுக்கினேன். கட்டடச் செய்தியை நிறுத்திவிட்டேன். பேச ஒரு தரப்புதான் மிச்சமிருந்தது. ஒருதலையான செய்தியை நான் போடுவதில்லை. ஜனங்கள் இன்னும் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறார்கள்.

நான் குடியிருக்கும் வீடு ஹாஜி கொடுத்தது, உண்மை. அதற்காகச் சாய்ந்தேன் என்பவர்கள் என்னை அறியாதவர்கள்.

நேற்று இக்லாஸின் தங்கை சமாஹ் வந்தாள். அன்று அக்காவோடு சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று நிறுத்தத்துக்கு வந்துகொண்டிருந்தாளாம். அக்காவைக் காரில் இழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறாள். யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

இங்கே உங்கள் விசாரணைக்குக் கிளம்பி வருமுன் ஹாஜிக்குப் போன் செய்துவிட்டேன். அவர் தரப்பையும் கேட்க வேண்டுமல்லவா, பாஷா.