மல்லாராவுக்குத் திரும்பிய குதிரை

குதிரைப் பயணம் வருகிறவர்களிடம் நான் முதலில் தொப்பியைப் பற்றிச் சொல்வேன். அடுத்தது, வழி தப்பினால் கடிவாள வாரைத் தளர விடுங்கள், குதிரை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்பேன். கிளைவிடமும் அதையேதான் சொன்னேன், சார்ஜென்ட். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

என்ன, அவருக்குக் கொடுத்த சாம்பல் நிறப் பெட்டைக் குதிரைக்கு வீடு எங்கள் பண்ணை இல்லை. அவள் மல்லாரா மாட்டுப் பண்ணையில் பிறந்தவள். விற்றவன் படித்துப் படித்துச் சொன்னான். "கோரல் அக்கா, அவுத்து விட்டா மல்லாராவுக்கே ஓடிருது. ஒரு கோடையாவது உன் வேலிக்குள்ள பழக்காம வெளிய எடுக்காத." நான் பழக்கவில்லை. கிளைவ் பயணத்துக்கு வருகிறார் என்று தெரிந்த வாரம்தான் அவளை வாங்கினேன்.

மல்லாரா காலியாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அந்த வட்டாரத்துக்கே அங்கிருந்த காற்றாடிப் பம்புதான் தண்ணீர். என் கணவர் டெஸ்மண்ட் வழி தவறிய மாடுகளைத் தேடி, அதை நம்பிப் போனார். அதற்குள் பம்பைக் கழற்றியிருந்தார்கள். காய்ந்த தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து பிணமாகக் கிடந்தவரை நான்தான் கண்டெடுத்தேன்.

கிளைவ் அப்போது நகரத்தில் உட்கார்ந்து அந்தப் பண்ணையை நிர்வகித்தவர். என்னை அவருக்குத் தெரியாது. பயணத்தில் தேநீருக்கு இறங்கிய இடத்தில், பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அந்தப் பம்பா? நாந்தான் கழட்டச் சொன்னேன். மாட்டையெல்லாம் வித்தாச்சு, அப்புறம் எவனுக்குத் தண்ணி?"

"அக்கம்பக்கத்துல யாருக்கும் சொல்லலையா?"

"யாருக்குச் சொல்றது, காக்காய்க்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கொஞ்சம் வருத்தப்பட்டிருந்தால் வேறு குதிரை மாற்றிக் கொடுத்திருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

போட்டோ எடுக்கத் தனியாக ஒரு சுற்று போய்வரட்டுமா என்று அவரே கேட்டார். நான் யாரையும் தனியே விடுவதில்லை. அன்று விட்டேன்.

"தாராளமா போங்க. வழி தப்பினா வாரை விட்ருங்க."

அவர் வடக்கே போனதாக, தேடி வந்த உங்கள் போலீஸ் ஆட்களிடம் சொன்னது நான்தான். மல்லாரா தெற்கே இருக்கிறது. இரண்டு நாள் கழித்து, ஒரு பீப்பாய் தண்ணீரோடு என் வண்டியில் அங்கே போனேன். டயர் தடத்தைப் பார்த்துவிட்டீர்கள், இனி மறைத்து என்ன? குதிரை என்ன பாவம் செய்தது?

கிளைவ் அதே தொட்டியில் சாய்ந்திருந்தார். உயிர் இருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். நான் சேணத்தை இறக்கி, குதிரைக்கு வாளி வாளியாகத் தண்ணீர் வைத்தேன். அவள் குடித்தது போக மிஞ்சியதை மண்ணில் கொட்டினேன். பிறகு அவளை வண்டியில் ஏற்றினேன்.

ஆனால் அவரையும் என்னையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், சார்ஜென்ட். அவர் யாரிடமும் சொல்லாமல் கழற்றினார். நான் கிளம்புமுன் அவர் பக்கத்தில் குனிந்து, இங்கே தண்ணீர் கிடையாது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.