சிவப்பியின் கிடாய்க்குட்டி

செம்மறிப் பால் கொழுப்புக் கூடியது, பிள்ளையள். தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி விட்டாலே காணும். ஆனால் செம்மறிக்குத் தன் குட்டிக்குக் காணுமளவுதான் சுரக்கும். நீர்வேலியில் என் சிவப்பி மட்டும் விடிய ஒரு போத்தல் நிறையத் தருவாள்.

ஏன் அவளுக்கு மட்டும்? பத்து வருசம் ஆடுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன். பால் தீனியால் மட்டும் வருவதில்லை, பரம்பரையாலும் வருகிறது. கிடாய் பால் தராது. ஆனால் தாயிடமிருந்து வாங்கியதைத் தன் மகள்மாருக்குக் கொடுக்கும். பெட்டை மறி வருசத்துக்கு ஒரு குட்டி போடும். கிடாய்க்கு ஊர் முழுக்க மகள்மார்.

தொண்ணூற்றொன்றில், சண்டையும் தடையுமாகப் பால்மா ரின்னைக் கண்ணாலும் காணக் கிடைக்காத நேரம், சிவப்பி முதல்முறையாக ஒரு கிடாய்க்குட்டி போட்டாள். அவளுக்கு வயது போய்விட்டது. இனிப் போடமாட்டாள்.

அந்த மாதம்தான் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த யோசப்பின் என்றொருத்தி பக்கத்து வளவில் கொட்டில் போட்டாள். கையில் மூன்று மாதப் பிள்ளை. அலைச்சலில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. நான்தான் கூப்பிட்டு, தினமும் விடிய ஒரு தம்ளர் கொடுத்தேன். இரண்டு கிழமையில் பிள்ளை தேறியது. என் குட்டிக்கு விலா எலும்பு தெரியத் தொடங்கியது.

ஒருநாள் சொன்னேன்: "பிள்ளை, சிவப்பிக்குப் பால் நிண்டிட்டுது."

"பகிடி விடாதேங்கோ அருமையக்கா. நேற்றும் நுரை கட்டக் கறந்தனீங்களெல்லே?"

"நம்பாட்டில் நீயே மடியைத் தொட்டுப் பார்."

தொட்டாள். சுருங்கிக் கிடந்தது. இரவில் குட்டியைப் புறம்பாகக் கட்டி, விடியக் கறந்த பிறகுதான் அவிழ்ப்பது வழக்கம். அன்றைக்கு அவள் வர முந்தியே அவிழ்த்துவிட்டிருந்தேன். கடைசிச் சொட்டுவரை அது உறிஞ்சியிருந்தது.

அவள் சிவப்பியின் நெற்றியைத் தடவினாள். "பாவம். உனக்கும் என்ரை நிலைமைதானடி."

அடுத்தநாளிலிருந்து பூவரசங்குழை ஒடித்துக்கொண்டு வந்து சிவப்பிக்குப் போட்டாள், வயிறு நிறைந்தால் பால் திரும்புமென்று. பிள்ளைக்குக் கஞ்சித்தண்ணி பருக்கினாள். தினமும் வந்து மடியைத் தொட்டுப் பார்த்தாள். நானும் தினமும் முந்திக்கொண்டேன். அந்தக் குழைக்குப் பால் கூடத்தான் செய்தது. குட்டி கொழுத்தது.

பதினோராம் நாள் கொட்டிலில் அழுகுரல் இல்லை. பிள்ளையைச் சுற்ற என் வெள்ளைச் சேலையில் பாதியைக் கிழித்துக் கொடுத்தேன்.

அந்தத் தம்ளரை நிறுத்தாமல் விட்டிருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும். குட்டி கொஞ்சம் சிறுத்திருக்கும், அவ்வளவுதான். அது எனக்கு அப்பவே தெரியும்.

தொண்ணூற்றுநாலில் அந்தக் கிடாயின் மகள்மார் ஒன்பதும் போத்தல் நிறையப் பால் தந்தன. ஊர்ப் பிள்ளைகளுக்குச் சும்மாதான் கொடுத்தேன். யோசப்பினின் இரண்டாவது பிள்ளையும் அதைக் குடித்துத்தான் வளர்ந்தது. "நீங்கள் இல்லாட்டில் இதுவும் போயிருக்கும் அக்கா" என்று என் கையைப் பிடிப்பாள். நான் கையை இழுப்பதில்லை.

என்னைப் பற்றி என்னவும் நினையுங்கள், பிள்ளையள். ஆனால் நான் அவளுக்குப் பொய் சொல்லவில்லை. அவள் தொட்டுப் பார்த்த நேரமெல்லாம் மடியில் பால் இருக்கவில்லைத்தானே.