கண்டக்டருக்கு வைத்த கடைசித் தேர்வு

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் ஆபீஸில் சர்க்கரைக்கே சிக்கனம் வந்து ஒரு வருஷமாகிறது. பெயருக்குத்தான் கடன் கொடுக்கும் கம்பெனி. எங்களுக்குப் பணம் தரும் வங்கிகள் கையை இறுக்கிக்கொண்டன. நாங்கள் கடைக்காரர்களிடம் இறுக்கிக்கொண்டோம். அவர்கள் வேலைக்கு ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். ஊரே கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எங்கள் கம்பெனிக்கு ஆள் எடுப்பது என் வேலை. மூன்று பட்டம் வாங்கியவன் நான். பட்டம் இல்லாத விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டேன். பதினாறு வருஷத்தில் நான் எடுத்த பிள்ளைகள் எல்லாம் தங்கம். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கடன் கிடையாது என்று எழுதிவிடுவார்கள்.

அதுதான் முதலாளியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "எல்லாருக்கும் இல்லைன்னு சொல்ல ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதுமே சார்? மூளை இருக்கற ஆளாப் பிடிங்க. படிப்பு கிடக்கட்டும்," என்றார்.

அப்படி வந்தவர்தான் அந்தப் பழைய பஸ் கண்டக்டர். பத்தாவதோடு நிறுத்தியவர். நாங்கள் தள்ளிவிட்ட கடன் விண்ணப்பங்களில் ஒரு கட்டை அவர் முன்னால் வைத்தோம். புரட்டிப் புரட்டி ஒரு ரொட்டிக் கடைக்காரருடையதை உருவினார்.

"வியாபாரம் படுத்துடுச்சுன்னு இவரைத் தள்ளியிருக்கீங்க. ஆனா கரண்ட் பில்லு மாசா மாசம் ஏறுது பாருங்க. அடுப்பு ஓயவே இல்லை. இவருக்குக் கணக்கு எழுதத்தான் வரலை, தொழில் வருது. குடுங்கம்மா, பணம் திரும்பி வந்துடும்."

முதலாளியம்மாவின் முகம் மலர்ந்ததே, அந்த மலர்ச்சி எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

"அடுத்த மாசத்துலேர்ந்து ஆள் எடுக்கறதையும் இவரே பாக்கட்டும். ரெண்டு சம்பளத்துக்கு இப்ப வழியில்லை," என்றார், என் பக்கம் திரும்பாமலே.

கண்டக்டர் நல்ல மனிதர். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், உங்களை அனுப்பினா எனக்கும் வேலை வேண்டாம்னு நாளைக்கு அம்மாகிட்ட சொல்லிடறேன். நீங்க தைரியமா இருங்க."

பத்தாவது படித்தவரின் சிபாரிசில் நான் பிழைக்க வேண்டுமாம்.

நியமன உத்தரவில் கையெழுத்துப் போட அவர் குமாஸ்தாவிடம் போனார். எங்களுடையது நான்காவது மாடி. லிப்ட் பழுதாகி ஒரு வாரம். முன்பணம் இல்லாமல் தொடமாட்டேன் என்று மெக்கானிக் போய்விட்டார். படி ஏறி ஏறி எனக்கு இடுப்பு இளைத்ததுதான் லாபம். பெட்டி கீழேயே நிற்கும்; ஆனால் பட்டனை அழுத்தினால் எங்கள் மாடிக் கதவு மட்டும் திறந்துகொள்ளும். அதனால் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டு எச்சரிக்கைப் பலகை மாட்டியிருந்தோம். அவர் திரும்பி வருவதற்குள் இரண்டையும் எடுத்து என் அறைக்குள் வைத்தேன்.

"படியில ஏன் சிரமப்படறீங்க? லிப்ட் இப்பதான் சரியாச்சு," என்று நானே பட்டனை அழுத்தினேன்.

"வரேன் சார்," என்றார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே காலை எடுத்து வைத்தார்.

நான் தள்ளவில்லை, ஐயா. மற்றதெல்லாம் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மூளைக்காரர் என்றார்களே, உள்ளே பெட்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டாமா? படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார், பாவம்.