போபோடி போகும் பஸ்

புனேயில், சிவாஜி நகரிலிருந்து பிம்ப்ரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"என்னைப் பார்த்து ஒருத்தன் 'போ, போடி'ன்னுட்டானுங்க்கா" என்றாள் கண்ணாடி போட்டவள். என் காது நீண்டுவிட்டது.

"யாரு?" என்றாள் மூத்தவள்.

"எங்கிட்ட கவுன்சலிங் பழகுற மராத்திப் பையன். என்னை மாதிரி பிஎச்.டி. பண்றவங்கதான் ஜூனியர் குரூப்பை நடத்தணும். முதல் நாள், எல்லார் மொழியையும் மதிக்கணும்னு ஒரு மணி நேரம் பேசினேன். முடிச்சிட்டு அவன்கிட்ட, வீடு எங்கேன்னு கேட்டேன். சிரிச்சிக்கிட்டே 'போபோடி'ங்கிறான்!"

"அரே, அது ஊர்ப் பேருடி!"

"கோயம்புத்தூர்ல இருந்து வந்த புதுசு, எனக்கென்னங்க்கா தெரியும்? ஒரு வாரம் முகம் கொடுத்தே பேசலை. அவனைக் குரூப் மாத்தச் சொல்லிப் புரொஃபசரைப் பார்க்கக் கிளம்பிட்டேன். பஸ்ல கண்டக்டர் 'போபோடி, போபோடி'ன்னு கத்தறாரு. நாலு பேர் கோபமே படாம இறங்கிப் போறாங்க!"

"அப்புறம்?"

"குரூப் முன்னாடியே மன்னிப்புக் கேட்டு, தமிழ்ல என்ன அர்த்தம்னும் சொன்னேன். அதுவரைக்கும் நான் எது சொன்னாலும் 'யெஸ் மேடம்'தான். இப்போ நான் தப்பாச் சொன்னா, எல்லாரும் சேர்ந்து ரொம்ப மரியாதையா, 'மேடம், போபோடி'ங்கிறாங்க."