ஊறாத பிரஷ்

— குத்துது. வேற காட்டுங்க.

— கன்னத்துல வெச்சுப் பாக்காதீங்கம்மா, விக்கிற சரக்கு. நீங்க கேட்டதுதான் இது. சலூன்காரங்க எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க.

— அண்ணி, ஷேவிங் சோப்பு தேய்க்கிற பிரஷுக்கு இவ்வளவு இன்டர்வியூவா? எதையாவது எடுங்க. ஆஸ்பத்திரிக்குத் திரும்பணும்.

— உங்க அண்ணன் போற சலூன்ல தொட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன் தம்பி. இதே மரப்பிடி, இதே வெள்ளை முடி. அது பஞ்சு மாதிரி இருந்துச்சு. இது துடைப்பம்.

— அது நாள் பூரா தண்ணியில கிடக்கிற பிரஷும்மா. பன்றி முடி. புதுசை ஒரு ராத்திரி ஊற வெச்சாத்தான் வழிக்கு வரும். அவசரம்னா இதைப் பாருங்க, வெளிநாட்டுச் சரக்கு. புது மாப்பிள்ளை கன்னம் மாதிரி இருக்கும்.

— விலையும் மாப்பிள்ளை விலைதான் போல. உள்ள வைங்க. ஒரு ராத்திரியா? டாக்டர் சாயங்காலத்துக்குள்ள தாடியை எடுத்தாகணும்னு சொல்லியிருக்காரே.

— அதான் நானும் சொல்றேன் அண்ணி. தாடி இருக்கிற வரைக்கும் ஆக்சிஜன் மாஸ்க் முகத்துல ஒட்டாது, காத்தெல்லாம் ஓரமா போயிடுதுன்னு நர்ஸம்மா தலைபாடா அடிச்சுக்கறாங்க. ஆளுக்கொரு கையைப் பிடிச்சா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது.

— காலையில அப்படித்தானே பிடிச்சீங்க? வெறும் ரேசரை வறட்டு வறட்டுன்னு இழுத்து, தாடையெல்லாம் ரத்தம். அவரு என்ன ஆட்டுக்குட்டியா?

— மூச்சே முட்டுது, இதுல ரோஷம் எதுக்கு அண்ணி?

— ரோஷம் இல்ல தம்பி, பயம். நீங்க எல்லாரும் போனப்புறம் கன்னத்துல விரலால வட்டம் வட்டமா தேய்ச்சுக் காட்டினாரு. சலூன் மாதிரி பிரஷ் போட்டு, நுரை வெச்சு, நான் செஞ்சா உக்காருவீங்களான்னு கேட்டேன். தலையாட்டினாரு.

— நீங்களா? ரேசரைக் கையில பிடிச்சிருக்கீங்களா அண்ணி?

— பிடிச்சதில்ல. இன்னிக்குப் பிடிப்பேன்.

— அம்மா, ஊற வைக்க நேரமில்லைன்னா இந்த நைலான் எடுத்துக்குங்க. நனைச்ச உடனே வேலைக்கு ஆகும். ஆனா பன்றி முடி ஊறினா வர்ற பதம் இதுல வராது, இப்பவே சொல்லிட்டேன்.

— கொஞ்சம் முரடுதான். பரவால்ல, நுரையை நிறைய வெச்சுக்கறேன். இதையே குடுங்க. சோப்பும் ஒண்ணு, வாசனை இல்லாதது. வாசனை பட்டா அவருக்கு இருமல் கிளம்பிடும்.

— சார், உங்க போன் அடிக்குது.

— வார்டுலேர்ந்துதான். வெளிய போய்ப் பேசிட்டு வரேன் அண்ணி.

— பிரஷ் வாங்கியாச்சு, இதோ வந்துட்டோம்னு சொல்லுங்க! அப்படியே வெந்நீர் கிடைக்குமான்னும் கேளுங்க தம்பி!

— இந்தாங்கம்மா, கட்டிட்டேன்.

— என்ன தம்பி, வாசல்லயே நின்னுட்டீங்க? மறுபடியும் ரேசரைத் தூக்கிட்டு வந்துட்டாங்களா? நான் வர்ற வரைக்கும் தொடக் கூடாதுன்னு சொன்னீங்களா?

— இல்ல அண்ணி.

— சொல்லலையா? சரி, வாங்க, வண்டியைப் பிடிங்க. போய் நானே பேசிக்கறேன்.

— அண்ணி, இனிமே அவசரம் இல்ல. அண்ணன் போயிட்டாரு.

— அம்மா, ஸ்டூல் இந்தா இருக்கு.

— அண்ணி, இப்படி உக்காருங்க. பொட்டலத்தை என்கிட்ட குடுங்க.

— ஐயா, இந்த நைலானை நீங்களே வெச்சுக்குங்க. அந்த ஊற வைக்கிறதைக் குடுங்க.

— அண்ணி, இப்ப எதுக்கு அதெல்லாம்? வாங்க.

— நாளைக்குக் காலையில அவரை எடுக்கறதுக்கு முன்னாடி நானே ஷேவ் பண்ணிவிடறேன் தம்பி. ஊற வைக்க இப்பத்தான் ஒரு ராத்திரி இருக்கே.

— மாத்திக் கட்டித் தரேம்மா. ரெண்டும் ஒரே விலைதான்.