பூஜையில் வைத்த ஏர் கன்

தாய்மார்களே, ஆயுத பூஜை வருது. அதுக்கு முன்னால ஒரு சின்ன சங்கதியைச் சொல்லிடறேன். பல சபையில சொல்லியாச்சு... சொல்லிச் சொல்லி எனக்கே அலுப்புதான். ஆனாலும் சொல்லாம இருக்க முடியல.

கம்பம் பக்கத்துல கொய்யாத் தோப்பு வச்சிருக்கிறவர் தங்கமாயன். குரங்கு விரட்ட ஒரு ஏர் கன், அதான் காத்து துப்பாக்கி, வச்சிருந்தார். போன பூஜையன்னைக்குக் காலையில குண்டு போட்டுக் குறி பார்த்தார். குரங்கு ஓடிருச்சு. போட்ட குண்டு உள்ளேயே நின்னுபோச்சு.

வீட்டுக்கு வந்தார். துப்பாக்கியைத் துடைச்சார். சந்தனம் வச்சார், குங்குமம் வச்சார். அரிவாள், மண்வெட்டி, பிள்ளைங்க புத்தகம் எல்லாம் இருந்த இடத்துல, புத்தகத்துக்கு மேலேயே படுக்க வச்சார். சூடம் காட்டின பிறகுதான் அவர் சம்சாரம் மரகதத்துக்கு ஒரு சந்தேகம்.

"ஏங்க, உள்ள குண்டு இருக்கா?"

"இருக்கு. பூஜையில வச்சதை இன்னைக்குத் தொடக்கூடாது. நாளைக்கு எடுத்துக்கலாம். காத்துல சுடுறதுதான புள்ள, என்ன ஆயிரப்போகுது?"

மரகதமும் சரின்னு விட்டுட்டாங்க. சாமி காரியமாச்சே... நாமா இருந்தாலும் அப்படித்தானே இருந்திருப்போம்?

மறுநாள் விஜயதசமி. குளிச்சுட்டு வந்து புத்தகத்தை எடுத்துப் படிங்கன்னு பிள்ளைங்ககிட்டச் சொன்னதே அவங்க அப்பாதான். மூத்தவ தாரணி சேட்டை பண்ணலம்மா. விளையாடவும் இல்ல. புத்தகத்தை எடுக்கணும், மேல துப்பாக்கி கிடக்கு, நகர்த்தி வைக்கத் தூக்கினா. விரல் விசையில பட்டுருச்சு. எதிர்ல உட்கார்ந்து பொரி தின்னுக்கிட்டிருந்த சின்னவ சஷ்டிகாவுக்கு... இடது கண்ணு.

மதுரைக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. ஆபரேஷன் நடந்தது. குண்டை எடுத்தாங்க. பார்வை வரல. ஆஸ்பத்திரி வராந்தாவுல தங்கமாயன் தலையைத் தூக்கவே இல்லையாம். மரகதம் திட்டல, அழவும் இல்ல. மெதுவா ஒண்ணே ஒண்ணு சொன்னாங்களாம்.

"நேத்தே தொட்டிருந்தா சாமி கோவிச்சிருக்காதுங்க."

அந்த மூத்த பிள்ளையை யோசிங்க... பெத்தவங்க சொன்னதைத்தான் செஞ்சா. தங்கச்சி முகத்தைப் பார்க்க மாட்டேங்குறா இன்னும்.

தாய்மார்களே, காத்து துப்பாக்கி பொம்மையில்ல. அது கண்ணைக் குடைஞ்சு உள்ள போகும். நெஞ்சுல பட்டா உயிரே போகும். குண்டை எடுத்துட்டுத் துப்பாக்கியைப் பூட்டி வைக்கணும், குண்டு டப்பாவை வேற இடத்துல வைக்கணும். காலியா இருந்தாலும் யார் பக்கமும் நீட்டக்கூடாது. சுடப் பழகணும்னா பெரியவங்க பக்கத்துல இருக்கணும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கணும். அப்படியும் பட்டுருச்சுன்னா கண்ணைக் கழுவாதீங்க, அழுத்தாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

பக்தி வேண்டாம்னு நான் சொல்லுவேனா? குண்டை எடுக்காம வச்ச குங்குமம் பக்தியில்லம்மா, அசட்டை. உங்க வீட்டுல அப்படி ஒண்ணு இருந்தா, குண்டை எடுத்துட்டேன்னு வீட்டுக்காரர் சொன்னா மட்டும் போதாது, உங்க கண்ணால பாருங்க. அதுவரைக்கும் சூடம் ஏத்தாதீங்க.

சாமி காத்திருக்கும்.